சிறுத்தை தெரியாத மூன்று நாள்: ஹோர்ட்டன் சமவெளிப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மூன்றாம் நாள் காலை 7.10-க்கு என் நோட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மரை 11. வால் நிமிர்ந்திருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. புலி தெரியவில்லை." இந்த நான்கு வரிக்கு வந்துசேர இரண்டு நாள் வீணாய்ப் போனது. அது எதனால் வீணானது, மூன்றாம் நாள் எதை மாற்றினேன் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். இந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிப்போகிற தம்பிமாருக்கும், காசு கட்டி வரப்போகிறவர்களுக்கும் உதவும்.

சொல் பற்றி ஒரு விளக்கம். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். இலங்கையில் வரிப்புலி கிடையாது, ஆகவே குழப்பமும் கிடையாது. இந்தியப் புத்தகங்கள் கடமான் என்று எழுதுவது எங்களுக்கு மரை.

வந்தவர்களும் வாக்குறுதியும்

பெப்ரவரி மாதம். வந்தவர்கள் ஆறு பேர். ஹட்டனில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர், அவரை எல்லாரும் சேர் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. அவர் மனைவி, மகள், டொரொண்டோவில் இருக்கும் மருமகன், பத்து வயதுப் பேத்தி. ஆறாவது ஆள் மருமகனின் நண்பர், முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்தவர். மருமகனும் நண்பரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். என்னை "அண்ணை" என்றார்கள். சேருக்கு நான் "தம்பி". வேனுக்குள் இரண்டு தமிழும் நன்றாகத்தான் ஓடின.

பயணத்தை ஒழுங்கு செய்தவர் கொழும்பில் இருக்கும் ஒரு முகவர். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தில் ஒரு சிறுத்தை பாறை மேல் படுத்திருந்தது. பாறையின் நிறத்தையும் பின்னால் இருந்த பற்றைக் காட்டையும் பார்த்தாலே அது தெற்கே இருக்கும் யால தேசியப் பூங்கா என்று தெரியும். கீழே "மலைநாட்டுச் சிறுத்தையை நேரில் காணுங்கள்" என்று எழுதியிருந்தது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அது என் கைக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, மூன்று நாள் கூலி கையில் வரப்போகிறது, எதற்கு வாயைத் திறப்பான் என்று இருந்துவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த எல்லாப் பிழையும் அங்கேதான் தொடங்குகிறது. அது முகவருடைய பிழை மட்டுமில்லை.

யாலவில் சிறுத்தை தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. காய்ந்த பற்றைக் காடு, வெயில் காயப் பாறைகள், ஜீப்புக்குப் பழகிப்போன விலங்கு. ஹோர்ட்டன் சமவெளியில் அந்த மூன்றும் இல்லை. ஆள் நடந்து போகிற பூங்கா இது. ஆள் வரும் நேரம் சிறுத்தை காட்டுக்குள் போய்விடும். காடோ பாசி தொங்குகிற குட்டை மரக் காடு, பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதற்காக இங்கே சிறுத்தை பார்த்தவர்களே இல்லை என்று சொல்லவில்லை. அதிகாலையில் தார் ரோட்டில் நடந்துபோனதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அதை விற்பனைக்கு வைக்க முடியாது.

பத்தனை

நான் டயகம பக்கத்து ஆள். எங்களுக்கு மேலேதான் இந்தச் சமவெளி. அக்கரப்பத்தனை என்று வாய்நிறையச் சொல்கிறோமே, அந்தப் பெயரின் பின்பாதி மலைப் புல்வெளிக்குச் சிங்களத்தில் இருக்கும் 'பத்தன' என்ற சொல். ஹட்டன் ரோட்டில் பத்தனை என்றே ஒரு ஊர் இருக்கிறது. புல்லெல்லாம் தேயிலையாகிப் போய் ஊர்ப்பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மிச்சமிருக்கும் பெரிய பத்தனை இதுதான். கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில், 3,160 ஹெக்டயர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ராபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்தார்கள், சிங்களத்தில் மகாஎலிய. 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டை வெட்ட வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873-இல் சொன்ன புத்திமதியால்தான் இது கோப்பிக்கும் தேயிலைக்கும் போகாமல் தப்பியது. ஆனாலும் 1960-களில் இதே சமவெளியில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். 1988-இல் தேசியப் பூங்கா. 2010-இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலையோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

மரமில்லாத புல்வெளி என்றால் மங்கோலியா, கசகஸ்தான் ஞாபகம்தான் வரும். அங்கே ஸ்டெப் என்று சொல்கிற வெளியில் மரம் வளராததற்குக் காரணம் மழைக் குறைவு. இங்கே மழைக்கு என்ன குறை? ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் இங்கிருந்துதான் போகிறது. பள்ளங்களில் தேங்கும் உறைபனி கன்றுகளைக் கருக்குகிறது என்கிறார்கள், பழைய காலத்து நெருப்பு என்கிறார்கள், ஈர மண் என்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்து அதில் கிடந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், 18,000 ஆண்டுகளுக்கும் முந்திய பனியுகக் காலத்தில் இந்தச் சமவெளி இப்போதுபோல ஈரமாக இல்லாமல் வறண்ட நிலச் செடிகளோடு கிடந்தது என்று கண்டிருக்கிறார்கள். அதாவது ஒரு காலத்தில் எங்கள் தலைக்கு மேலே ஒரு சின்ன ஸ்டெப் இருந்திருக்கிறது. இதை வேனில் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. மருமகன் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

முதல் நாள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் பின்னேரம் இரண்டு மணித்தியாலம். பூங்காவை ஒட்டி ஓடுகிற கழிவுநீர்க் கான் அவ்வளவு மணக்காது, ஆனால் குளிர்காலத்தில் இமயமலைப் பறவைகளுக்கு அந்தக் கானோரம்தான் வேண்டும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஒன்று தெரிந்தது, கறுப்பு வெள்ளைப் பூங்குருவி ஒன்று இலைச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது, ஆறுமணிக்குருவி சொன்ன நேரத்துக்குக் கத்தியது. லென்ஸ்காரர் சந்தோசப்பட்டார். மற்றவர்கள் ஸ்ட்ரோபெரியும் மக்காச்சோளமும் வாங்கினார்கள். இரவு பட்டிப்பொலயில் ஒரு வீட்டில் தங்கினோம். நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அங்கேதான், 1,891 மீற்றர். பேத்திக்கு அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும் என்றிருந்தது, எடுத்தோம்.

இரண்டாம் நாள்: ஓட்டம்

காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசல் திறக்கும். நாங்கள் ஐந்தேகாலுக்கே வரிசையில் நின்றோம், அப்போதே முன்னால் வேன்கள் நின்றன. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபலைக்கூட உரித்து வாங்கிக்கொள்வார்கள். இது நல்ல வழக்கம். ஏன் நல்லது என்பது பத்து மணிக்கு விளங்கப்போகிறது.

உள்ளே போனதும் என் வேலை, உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பை மேகம் மூடுவதற்குள் ஆறு பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்துவிடும், அப்புறம் வெள்ளைத் துணி கட்டினது போலத்தான். 9.5 கிலோமீற்றர் சுற்று. முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது, திரும்பும் வழியில் பேக்கர் அருவி.

ஆகவே நடந்தோம். வேகமாக நடந்தோம். புல்லெல்லாம் உறைபனி, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். தோட்டத்தில் இந்தப் பனி விழுந்தால் மறுநாள் கொழுந்து கருகிவிடும் என்று பயப்படுவோம்; இங்கே வந்தவர்களுக்கு அது படம் எடுக்கிற சாமான்.

நடக்கத் தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில் பேத்தி குனிந்து, "அங்கிள், இது என்ன?" என்று கேட்டாள். பாதை ஓரத்தில் வெளிறிப்போன எச்சம், கயிறு முறுக்கியது போல மயிரோடு. எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. "பிறகு சொல்றேன் பிள்ளை, மேகம் வந்துரும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று நான் செய்த பிழைகளில் பெரியது இதுதான். புலி பார்க்க வந்தவர்களுக்குப் புலியின் முதல் அடையாளத்தைக் காட்டிவிட்டுத் தாண்டிப் போனேன்.

உலக முடிவில் 870 மீற்றர் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. அந்த வகையில் திட்டம் வெற்றி. ஆனால் அங்கே எங்களுக்கு முன்னால் ஐம்பது பேர் நின்றார்கள். வழியில் மரத்தண்டில் ஒட்டியிருந்த கொம்பு ஓணான் ஒன்றைக் காட்டினேன், மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு, உலகில் வேறெங்கும் இல்லாத இனம். எல்லாரும் படம் எடுத்தார்கள். ஒருவரும் அரை நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் நிற்கவிடவில்லை. திரும்பி வரும்போது மருமகன் சொன்னார்: "அண்ணை, நாலு மணித்தியாலம் நடந்ததிலை நான் கூடப் பார்த்தது முன்னுக்குப் போனவையின்ரை முதுகைத்தான்."

பத்து மணிக்கு ஃபார் இன் பக்கம் வேன் நிற்கும் இடத்துக்கு வந்தோம். பழைய வேட்டைக்கார விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். அங்கே ஒரு ஆண் மரை நின்றது. ஆளுக்குப் பழகினது. முதுகு பேத்தியின் தலைக்கு மேலே. பிடரி மயிர் பனியில் நனைந்து ஈட்டி ஈட்டியாக நின்றது, கொம்பில் பட்டை உரிந்த மரத்தின் சிவப்பு. ஒருவர் வேன் ஜன்னலிலிருந்து பாண் துண்டை நீட்டினார். மரை கழுத்தை நீட்டியது. அப்போது அதன் கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பி மெல்ல விரிந்தது, முகத்தில் இன்னும் இரண்டு கண் திறந்தது போல. பேத்தி பின்னால் நகர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாணைச் சுற்றியிருந்த பேப்பரும் சேர்ந்து உள்ளே போனது. வாசலில் தப்பி வந்த பொலித்தீன் பையாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்த ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதற்குள் எங்கள் லென்ஸ்காரரே தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். "இவ்வளவு தூரம் வந்து ஒரு நல்ல படமும் இல்லை அண்ணை, இதாவது கிட்ட வரட்டும்." நான் சத்தம் போட்டேன். அப்படிப் போட்டிருக்கக் கூடாது. அவர் பெட்டியை மூடினார், ஆனால் வேனில் ஏறியதும் போனில் அந்த விளம்பரப் படத்தை எடுத்து எனக்கு முன்னால் பிடித்தார். "இது எங்கை?" என்றார். நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அது யால என்றேன். மீதிக் காசு தரமாட்டோம் என்று முகவருக்கு அங்கிருந்தே தகவல் போனது.

அடுப்படிப் பேச்சு

அன்று இரவு பட்டிப்பொல வீட்டு அடுப்படியில் ரொட்டியும் கட்டைச் சம்பலும். குளிருக்கு எல்லாரும் அடுப்பைச் சுற்றியே உட்கார்ந்தார்கள். பேச்சு சூடாகத்தான் தொடங்கியது. சேர்தான் தணித்தார்.

"தம்பி, காசு குடுத்துப் புலி பாக்க வாறோம்னு எங்கம்மா கேட்டிருந்தா அடிச்சிருக்கும்" என்றார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் கட்டியிருந்த நாயை ஒரு ராத்திரி புலி கொண்டுபோனதாம். காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. அதற்குப் பிறகு பல மாதம் பீலிக்குத் தண்ணிக்குப் போகிறவர்கள் கூட்டமாகப் போனார்கள். "நாங்க யாரும் அதப் பாத்ததில்ல. ஆனா அது இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நாய் கொலைக்கிற விதத்துல தெரியும். கோழி சத்தமில்லாம இருந்தாத் தெரியும்."

இது வெறும் பழங்கதை இல்லை. தேயிலை மலைகளுக்கு இடையில் மிஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் ஓடைக் கரைகளிலும் சிறுத்தைகள் இன்றும் வாழ்கின்றன. பன்றிக்கு வைக்கிற கம்பித் தடத்தில் அவை மாட்டிக்கொள்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி மாட்டியது ஒரு கருஞ்சிறுத்தை. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் செத்துப்போனது. அதே 2020-இல்தான் இலங்கைச் சிறுத்தையை உலகச் செம்பட்டியலில் 'அருகிவரும்' நிலையிலிருந்து 'பாதிக்கப்படக்கூடிய' நிலைக்கு ஒரு படி இறக்கினார்கள். ஆபத்து ஒரு படி குறைந்தது என்பது கணக்கு. கம்பித் தடம் அப்படியேதான் இருக்கிறது.

சேர் பேசி முடித்ததும் மருமகன் மங்கோலியாவைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு போயிருக்கிறார். கூட்டமாகப் போகிற வழிகாட்டிப் பயணம், கோபி பாலைவனமும் ஸ்டெப்பும். ஹுஸ்தாய் பூங்காவில் தாகி என்ற காட்டுக் குதிரையைப் பார்த்தாராம். காட்டில் முற்றாக அழிந்து, மிருகக்காட்சிசாலைகள் போன்ற இடங்களில் மட்டும் மிஞ்சியிருந்த இனம். 1992 முதல் அங்கே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதை நன்றாகப் பார்க்கலாம். ஆனால் பனிச்சிறுத்தைக்கு என்று போன கல்மலையில் கதை வேறு.

"ஆறு நாள், அண்ணை. ஒரே முகட்டிலை குந்தியிருந்து எதிர்மலையைப் பார்த்தனாங்கள். எனக்கு விசர் பிடிச்சிட்டுது. ஆனா அந்த மேய்ப்பன் ஒருநாளும் சிறுத்தையைத் தேடேல்லை."

"அப்ப என்ன செய்தார்?"

"ஆட்டைப் பார்த்தவர். ஐபெக்ஸ் எண்டு கொம்பு ஆடு. அது மேயுதா, படுத்திருக்கா, எந்தப் பக்கம் முகம் எண்டு மட்டும்தான். ஆறாம் நாள் ஆடெல்லாம் ஒரு பக்கம் திரும்பி நிண்டுது. உடனே டெலஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினார். உளுந்து அளவிலை ஒண்டு கல்லிலையிருந்து இறங்கிச்சுது."

அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. நாய் குரைக்கிற விதத்தில் தெரியும் என்று சேர் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். மூவாயிரம் ஹெக்டயர் புல்வெளி. அதில் ஆயிரத்துக்கு மேல் மரைகள். அவை ஒவ்வொன்றுக்கும் என்னைவிட நல்ல காது, நல்ல மூக்கு, உயிர்ப்பயம். இங்கே சிறுத்தையின் முக்கிய இரையே மரைதான். இவ்வளவு காவலாளிகளை விட்டுவிட்டு ஆறு பேரை வரிசையாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

மூன்றாம் நாள் திட்டப்படி வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து வறண்ட பத்தனைக்குப் போக வேண்டும். ஊவாவின் அந்த மானாப்புல் மலைகள் வேறு வகை. தென்மேற்கு மழையை மேல்மலை தடுத்துவிடுவதால் கச்சான் காற்று அங்கே காய்ந்துதான் இறங்கும். அதை விட்டுவிட்டு மறுபடி சமவெளிக்கே போவோம், ஆனால் நடக்க வேண்டாம், ஒரு இடத்தில் உட்காருவோம் என்றேன். வாசல் டிக்கெட் இரண்டாம் தடவை என் செலவு. சிறுத்தை தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். மகள் மட்டும் அரைமனசாக இருந்தார், இன்னொரு நாள் நாலரை மணிக்கு எழும்ப வேண்டுமே என்று. நியாயம்தான்.

பதினொரு மரை

பட்டிப்பொல வாசலிலிருந்து ஃபார் இன் போகும் ரோட்டில், வேன் ஒதுக்கி நிற்கக்கூடிய ஒரு வளைவு இருக்கிறது. எதிரே புல் சரிந்து ஓடைக்கு இறங்கி, மறுபக்கம் ஏறி, காட்டு ஓரத்தில் முடிகிறது. காற்று எங்கள் முகத்துக்கு வந்தது. மற்ற வேன்கள் எல்லாம் உலக முடிவுக்கு விரைந்து எங்களைத் தாண்டிப் போயின. பத்து நிமிடத்தில் ரோடு ஓய்ந்தது.

ஆளுக்கு ஒரு எல்லை பிரித்துக் கொடுத்தேன். சேருக்கு இடப்பக்கத்துக் காட்டு ஓரம், அவர் மனைவிக்கு ஓடை, மகளுக்கும் மருமகனுக்கும் எதிர்ச்சரிவு, லென்ஸ்காரருக்கு வானம். பேத்திக்கு மரைகளின் காது. "காது எந்தப் பக்கம் திரும்புதுன்னு மட்டும் பாரு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். குளிரில் மகள் வேனுக்குள் போய்விட்டார். இருநூற்றைம்பது மீற்றர் தூரத்தில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இராத்திரியில் வெட்டவெளியில் கூட்டமாகக் கிடந்து, வெயில் ஏற ஏறக் காட்டுக்குள் போவது அவற்றின் வழக்கம். மூச்சு புகையாய் எழும்பியது. அப்போது பேத்தி முணுமுணுத்தாள்: "அங்கிள், ரெண்டு காதும் முன்னுக்கு."

ஒரு பெண் மரை தலையைத் தூக்கியிருந்தது. பிறகு அடுத்தது. பிறகு படுத்திருந்த மூன்றும் எழும்பின. வால்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. முதலில் தலை தூக்கியது முன்னங்காலை உயர்த்தி நிலத்தில் தட்டியது, இவ்வளவு தூரத்தில் சத்தம் கேட்காது, ஆனால் தட்டியது தெரிந்தது. அப்புறம் அந்தக் குரல்: வெறும் தகரப் பீப்பாயில் ஒரே அடி அடித்தது போல, எதிர்க்காட்டில் பட்டுத் திரும்பியது. வேனுக்குள் இருந்த மகள் ஓடி வந்தார்.

பதினொரு மரை, பதினொரு மூக்கு, எல்லாம் சேர் பார்த்துக்கொண்டிருந்த இடப்பக்கக் காட்டு மூலைக்கு. குரல் விட்டு விட்டுக் கேட்டது. நாங்கள் எல்லாரும் அந்த மூலையையே பார்த்தோம். காட்டு ஓரத்து மஹரத்மல் மரம் ஒன்றில் சிவப்புப் பூ. அதன் கீழே நிழல். அவ்வளவுதான். முதலாவது மரை ஓடவில்லை. அந்த மூலையை நோக்கியே பத்து அடி முன்னால் நடந்தது. இதைப் பார்த்து லென்ஸ்காரர், "என்ன, பைத்தியமா இதுக்கு?" என்றார். இல்லை. பதுங்கிப் பாய்கிற விலங்குக்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பாய்ச்சல் வீண். உன்னைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் மரை முன்னால் போகிறது.

பிறகு மூக்குகள் நகர்ந்தன. பதினொன்றும் கடிகார முள் போல மெல்ல வலப்பக்கம் திரும்பிக்கொண்டே வந்தன. காட்டுக்குள் ஏதோ ஒன்று, எங்கள் கண்ணுக்குத் தெரியாமல், ஓரத்தை ஒட்டி நடந்துபோகிறது. அதன் வழியை மரைகளின் முகத்திலிருந்து நாங்கள் வாசித்தோம். எதிர்ச்சரிவின் உச்சியில் மந்தி ஒன்று கரகரத்தது. பிறகு அடங்கியது. முதல் குரலிலிருந்து வால்கள் தாழும்வரை நாற்பத்து மூன்று நிமிடம். யாரும் பேசவில்லை. சேர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"இதுதான் தம்பி" என்றார் மெதுவாக. "எங்க லயத்துலயும் இப்படித்தான். ஆளப் பாக்கவே மாட்டோம்."

அது சிறுத்தைதானா என்று கேட்டால், வேறு எதற்காகவும் மரை இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் நோட்டில் சிறுத்தை என்று எழுதவில்லை. கண்ணில் படாததை எழுதுவதில்லை. கண்ணில் படாததால் இல்லை என்றும் எழுதுவதில்லை. இந்தச் சமவெளியின் தேவாங்கு வகை ஒன்று 1939-க்குப் பிறகு 2002 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது, அழிந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். அதன் படம் 2010-இல்தான் வெளியே வந்தது.

வானத்தைப் பார்க்க விட்டிருந்த லென்ஸ்காரர் தன் வேலையை விடவில்லை. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு, சிறகை மேல்நோக்கி வளைத்து, புல்லுக்கு இரண்டு ஆள் உயரத்தில் தவழ்ந்து வந்த ஒரு மண்ணிறப் பறவையைப் படபடவென்று எடுத்தார். பூனைப்பருந்து. வாலடியில் வெள்ளைப் பட்டை. குளிர்காலத்துக்கு வருகிறவற்றில் இரண்டு வகைகளின் இளசும் பெட்டையும் தூரத்தில் ஒன்று போலத்தான் இருக்கும். கமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம்: கன்னத்துக் கறுப்புக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி வெளிறிய வளையம் தெளிவாக இருந்தது. வெளிர் பூனைப்பருந்து. தென் ரஷ்யாவிலும் கசகஸ்தானிலும் ஸ்டெப்பின் புல்லுக்குள் நிலத்தில் கூடு கட்டுகிற பறவை. குளிருக்குத் தெற்கே இறங்கி, இந்தியா தாண்டி, நாடு முடிகிற இடத்தில் மறுபடி ஒரு புல்வெளியைக் கண்டுபிடித்து வந்து நிற்கிறது. மருமகன் கமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நான் விமானத்திலை போய்ப் பார்த்த வெளிதான், இந்தப் பறவை இருந்து வந்த வெளி" என்றார்.

திரும்பும்முன் பேத்திக்குக் கடன் தீர்த்தேன். நேற்றைய இடத்துக்குக் கூட்டிப்போய், அந்த எச்சத்தை ஒரு குச்சியால் பிரித்துக் காட்டினேன். உள்ளே மயிர், தும்புத்தடியின் தும்பு போல முரடானது, வளைத்தால் மடிந்து உடையும். மரை மயிர். ஒரு எலும்புச் சில்லும் இருந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, குச்சியை என்னிடமிருந்து வாங்கி மீதியைத் தானே பிரித்தாள். நேற்று நான் நின்றிருந்தால் ஐந்து நிமிடம்தான் போயிருக்கும்.

பிறகு

மீதிக் காசை அவர்கள் கொடுத்தார்கள், முழுதாக இல்லை. விளம்பரத்துக்காகக் கொஞ்சம் கழித்தார்கள், அது சரிதான். அந்தக் கழிவில் பாதியை முகவர் என் கூலியில் பிடித்தார், அதையும் நான் சண்டை போடாமல் விட்டேன்.

இப்போது என் பயணங்களில் முதல் காலை நடை கிடையாது. உட்காருவதுதான், குறைந்தது ஒன்றரை மணித்தியாலம், மரை இருக்கும் இடத்தில், காற்றுக்கு எதிராக. உலக முடிவு இரண்டாம் நாள். மேகம் மூடினால் மூடட்டும். சின்னப் பிள்ளைகள் வந்தால் காது பார்க்கிற வேலை அவர்களுக்கே. பெரியவர்கள் சிறுத்தையைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள்தான் சொன்ன வேலையைச் செய்வார்கள். மழைக்காலத்தில் இது சரிவராது, பனிமூட்டத்தில் பத்து மீற்றர் தெரியாது. அந்த மாதங்களில் ஆட்களை வர வேண்டாம் என்றே சொல்கிறேன். வருமானம் குறைந்திருக்கிறது. இரண்டு குழு, சிறுத்தைக்கு உத்தரவாதம் கேட்டு, இல்லை என்றதும் வேறு ஆளிடம் போய்விட்டது.

முகவரிடம் யால படத்தை எடுக்கச் சொன்னேன். ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் மாற்றினார். லென்ஸ்காரர் அனுப்பிய படத்தைப் போட்டிருக்கிறார்: பனி படர்ந்த புல்லில் பதினொரு மரை, வால் நிமிர்த்தி, படத்துக்கு வெளியே இடப்பக்கம் பார்த்துக்கொண்டு. கீழே அவர் பாணியில் ஒரு வரி: "இவை எதைப் பார்க்கின்றன? வந்து பாருங்கள்!" அந்த ஆச்சரியக்குறியை மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை.